கட்டைவிரல் பதியாத டார்கெட்

என் வலது கைக் கட்டைவிரல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் ஃபோம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கிங். அளக்க மெஷின் இருக்கிறது, எடை பார்க்கத் தராசு இருக்கிறது. அதெல்லாம் ஆடிட்காரர்கள் வரும் நாளில்தான் தூசி தட்டிக்கொண்டு வெளியே வரும். மற்ற நாட்களில் ஷீட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவேன். பள்ளமே விழவில்லை என்றால் முதல் தரம். விழுந்து உடனே எழும்பினால் பாஸ். தடம் அப்படியே நின்றால் ரிஜெக்ட். பதினான்கு வருஷமாக இதையே செய்து, எதைப் பார்த்தாலும் அழுத்திப் பார்க்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது. தர்பூசணி, பஸ் சீட், சொந்தக்காரர் வீட்டுத் தலையணை, எதையும் விடமாட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப என் தலைய அமுக்காம போனியே, அதுவே பெருசு" என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அந்த விரலை நம்பி என் மகள் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். தெரியாமல் செய்ததை யாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதைத்தான் மன்னிக்க முடியாது.

அவள் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட கிரவுண்டில் வில்வித்தை கேம்ப் போட்டிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள். என் மகள் அதுவரை எந்த விளையாட்டிலும் ஒட்டாதவள். ஒடிசலான உடம்பு, ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும், பந்து வந்தால் ஒதுங்கி வழி விடுவாள். ஏதோ தோழி கூப்பிட்டாள் என்று போனவள், முதல் நாள் திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, வில்லை எப்படிப் பிடிப்பது என்று வெறும் கையால் எனக்குக் காட்டினாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கேம்ப் முடியும்போது ஒரு செலெக்‌ஷன் இருக்கிறதாம். ஆறு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்க வில்லும் கொடுத்துச் சொல்லித் தருவார்களாம். "நானும் அதுல வரணும்பா" என்றாள். எதையும் வேண்டுமென்று கேட்காத பெண் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

மீதி நாட்களில் வீட்டில் பழக, கோச் மேடம் ஆரம்பக்காரர்களுக்கான இலேசான வில் ஒன்றையும் நான்கு அம்புகளையும் கொடுத்தனுப்ப ஒத்துக்கொண்டார். ஆனால் அப்பாவை நேரில் வரச் சொல்லிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு போய் நின்றேன்.

"சார், பின்னாடி மொட்ட செவுரு இருக்கணும். பெரியவங்க யாராவது கூடவே நிக்கணும். அஞ்சு மீட்டர் தூரம் போதும். டார்கெட்டு மட்டும் மெத்துனு இருக்கணும். ரெண்டு வெரலால புடிச்சி இழுத்தா அம்பு வெளிய வந்துடணும். அதுக்கு மேல கெட்டியா வேணாம், புரியுதா?"

"மேடம், டார்கெட்ட எங்கிட்ட உட்ருங்க. நம்ம லைனே அதான்" என்றேன். ஃபோம் கம்பெனிக்காரனிடம் வந்து மெத்தென்று இருக்கணும் என்று பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

அன்று சாயங்காலமே என் மனைவி வேலையை ஆரம்பித்துவிட்டாள். காலி அரிசி கோணிப்பையில் கிழிந்த புடவை, பழைய போர்வை, மகளுக்குச் சிறுத்துப்போன பாவாடை என்று எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தெச்சா ஆச்சி. செவுத்துல சாத்தி வச்சிக்கினு உடட்டும்" என்றாள்.

கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் கணுவரை உள்ளே போனது. "அம்பு உடப் போறாளா, இல்ல படுத்துத் தூங்கப் போறாளா?" என்றேன். மகளும் சேர்ந்து சிரித்தாள். மனைவி கோணியின் வாயைத் தைத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூலையில் தூக்கிப் போட்டாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு ரகத்துக்கு கும்மிடிப்பூண்டி ஷீட் என்றே பெயர். அங்கே இருக்கும் ஒரு ஸ்டீல் யூனிட்டுக்குத்தான் அது போகும். டன் கணக்கில் எடையுள்ள இரும்புச் சுருள்களுக்கு நடுவில் வைப்பார்கள், நசுங்காது. நாங்கள் செய்வதிலேயே கெட்டியான சரக்கு. எத்தனை அமுக்கினாலும் கட்டைவிரல் பதியாது, விரல்தான் சிவக்கும். அந்த ரகத்தில் ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட ஷீட்கள் ரிஜெக்டில் கிடந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு, அதில் பதினெட்டை எடுத்து, சதுரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பேக்கிங் செக்‌ஷனில் கொடுத்து மெஷினில் நான்கு பிளாஸ்டிக் பட்டி இழுத்துக் கட்டினேன். வெளிநாட்டுக்கு அனுப்புகிற சரக்குக்குக்கூட அவ்வளவு இறுக்கிக் கட்டமாட்டோம்.

"இன்னாண்ணா, பொண்ணு அம்பு உடப்போவுதா, பீரங்கி உடப்போவுதா?" என்றான் பட்டி போடுகிறவன்.

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இரண்டு சிமெண்ட் கல்லின்மேல் நிறுத்தினேன். மேடம் கொடுத்த வட்டம் போட்ட தாளை ஒட்டினேன். மகளை நிற்க வைத்து, நடு மஞ்சளில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக் காட்டினேன். துளிகூடப் பதியவில்லை. "பாத்தியா? ஆயுசுக்கும் நிக்கும்" என்றேன்.

முதல் அம்பு போய் 'டொப்' என்று மோதிக் கீழே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மோதிய வேகத்தில் திரும்பி வந்து, துவைக்கிற கல்லின்மேல் இருந்த சோப்பு டப்பாவைத் தட்டிவிட்டது.

"இன்னாய்யா இது, உட்ட அம்பு வூட்டுக்கே திரும்பி வருது!" என்று மனைவி பதறிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் டார்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு சரியில்லை என்று கஸ்டமர் போன் செய்தால், முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: எங்கள் சரக்கில் பிரச்சினை இல்லை, நீங்கள் கையாண்ட விதத்தில் ஏதோ தப்பு. யோசிக்காமல் வரும் பதில். மகளிடமும் அது யோசிக்காமலேயே வந்தது.

"டார்கெட்டுல ஒண்ணும் இல்ல பாப்பா. ஒன் இழுப்பு பத்தல."

மூன்று வாரம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவளைப் பாடாய்ப் படுத்தினேன். காலையில் இரண்டு கையிலும் செங்கல்லைக் கொடுத்துத் தூக்கி இறக்க வைத்தேன். முட்டை, வேர்க்கடலை, ஊறவைத்த கொண்டைக்கடலை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் பக்கத்தில் நின்று, "இழு, இன்னும் இழு, சோறு துண்றல்ல?" என்று கத்துவேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். தோள் காதுவரை ஏறும், இடுப்பு பின்னால் வளையும், முகம் கோணும். பத்து அம்பில் ஒன்று நகக்கண் அளவுக்கு நுனி தைத்து, ஒரு நொடி தொங்கிவிட்டு விழும். அதற்கே அவள் குதிப்பாள், நான் கைதட்டுவேன். நடு மஞ்சளைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அம்பு தொங்கினால் போதும் என்று ஆகிவிட்டது.

ஒருநாள் கேம்பிலிருந்து வந்து, "அப்பா, கிரவுண்டு டார்கெட்டுல உட்டா நல்லா ஏறுதுப்பா" என்றாள்.

"அது உட்டு உட்டு ஓட்டையாகிப்போன பழைய சரக்கு. அதுல யாரு உட்டாலும் ஏறும். நம்ம டார்கெட்டுல ஏத்தினாதான் நெஜ பலம்."

"மேடம் ஏன் தோள தூக்கறன்னு கேக்கறாங்கப்பா."

"போகப் போக சரியாப்பூடும்."

நம்பினாள். அப்பா குவாலிட்டி செக்கிங் ஆயிற்றே, அவருக்குத் தெரியாதா?

செலெக்‌ஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட், மூன்றரை மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அம்மாவும் மகளும் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். வில் கதவோரம் சாத்தி இருந்தது. என்னதான் கஷ்டம் இதில், ஒருதடவை நாமே பார்ப்போமே என்று எடுத்தேன். சின்னப் பிள்ளைக்கான வில், எனக்கு அது ஒன்றுமே இல்லை. சுலபமாக இழுத்து விட்டேன். 'டொப்.' அம்பு கீழே விழுந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். அம்பு திரும்பி வந்து என் காலடியில் கிடந்தது. மற்ற இரண்டும் அதே கதைதான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். தாளை அம்பு முனைகள் கந்தலாக்கி இருந்தன. தாளைப் பிய்த்தால், உள்ளே ஷீட்டில் வெறும் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளிகள். மூன்று வாரம், தினமும் எத்தனையோ அம்பு, எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

மூலையில் கிடந்த மனைவியின் கோணி மூட்டையை எடுத்து வந்து டார்கெட்டின் முன்னால் சாத்தினேன். விட்டேன். சத்தமே இல்லாமல் அம்பு உள்ளே போய் நேராக நின்றது. இரண்டு விரலால் இழுத்தேன். வந்துவிட்டது.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் சொன்னதும், மனைவி தைத்ததும், பட்டி போடுகிறவன் கேட்டதும் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் கேட் திறக்கும் சத்தம். எழுந்து, மூட்டையைத் தூக்கிப் பழைய மூலையிலேயே போட்டேன். வில்லைக் கதவோரம் சாத்தினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானேதான் செய்தேன்.

ஏன் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. இன்னும் இரண்டு நாள்தானே, இப்போது போய்ச் சொன்னால் பிள்ளை குழம்பிவிடும். கிரவுண்டில் நல்ல டார்கெட்தானே, அங்கே எல்லாம் ஏறிவிடும், செங்கல் தூக்கிய பலம் எங்கேயும் போகாது. எல்லாம் சால்ஜாப்பு. கம்பெனியில் பாதிப் பேரிடம் அந்த டார்கெட்டைப் பற்றிப் பீற்றி வைத்திருந்தேன். மனைவியின் மூட்டையைக் கிண்டல் அடித்திருந்தேன். பிள்ளையைச் சோறு துண்றல்ல என்று கேட்டிருந்தேன். இவ்வளவையும் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கம். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளை விட்டுக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, புங்க மரத்தடியில் மற்ற அப்பா அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். என் மகள் முறை வந்தது. பழகிய பழக்கம் விடுமா? பல்லைக் கடித்தாள், தோள் காதுவரை ஏறியது, உடம்பையே வளைத்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். அம்பு டார்கெட்டுக்கு மேலே பறந்து பின்னால் கட்டியிருந்த வலையில் போய் விழுந்தது. ஆறு அம்பில் நான்கு வலையில், இரண்டு ஓரத்தில். அவளுக்குப் பிறகு வந்த பெண் என் மகளைவிட ஒடிசல். நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டாள். எல்லாம் தாளுக்குள்ளேயே நின்றன.

கோச் மேடம் என் மகளிடம் வந்து, "மொத வாரம் எவ்ளோ அழகா வுட்டுக்கினு இருந்த? இப்ப ஏம்மா இவ்ளோ முட்டி மோதி இழுக்கற? யாரு சொல்லிக் குடுத்தது இப்புடி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அவள் மரத்தடிப் பக்கம் திரும்பவே இல்லை. "நானாதான் மேடம்" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். காக்களூர் திரும்பும் இடத்தில், "எங்கையில பலம் இல்லப்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். "போனா போவுது உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் வில்லைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் போனேன். "வூட்டுல டார்கெட் இன்னா சார் வச்சிருந்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பழைய துணி மூட்டதான் மேடம். வூட்ல தெச்சிக் குடுத்தாங்க."

பொய் சொன்னேன். மனைவியின் மூட்டையைக் கேலி செய்தவன், தப்பித்துக்கொள்ள அதையே எடுத்து முன்னால் வைத்தேன்.

அடுத்த வருஷம் அவள் கேம்புக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. அன்று ஆட்டோவில் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாள். கடையிலிருந்து பை தூக்கி வரச் சொன்னால் அதைச் சொல்வாள். ஜன்னல் கொக்கி இறுகிப்போனால் அதைச் சொல்வாள். வாரம் ஒருமுறை தண்ணீர் கேன் வந்து வாசலில் இறங்கியதும், "அப்பா, கேனு" என்று குரல் வரும். நான் போய்த் தூக்கி, ஸ்டாண்டில் கவிழ்த்து வைப்பேன். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அந்த 'டொப்' சத்தம் ஞாபகம் வரும். டார்கெட் மட்டும் நான் சொன்னபடியே ஆயுசுக்கும் நின்றது. மனைவி அதைப் படுக்கப் போட்டு, உட்கார்ந்து கீரை ஆய்வதற்கு வைத்துக்கொண்டாள். அவள் எழுந்தால் ஒரு பள்ளம்கூட இருக்காது.

மகள் இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறாள். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கம் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி டார்கெட்டின் மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பீ.டி. மிஸ்ஸு த்ரோபால் டீம்ல சேருன்னு கேட்டாங்கம்மா. எங்கையில பலம் இல்ல மிஸ்ஸுன்னு சொல்லிட்டேன்."

வருத்தமே இல்லாமல், யாரோ கேட்டதற்கு ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

"பாப்பா. ஒங்கையில ஒண்ணும் இல்ல. அன்னிக்கி தப்பு அந்த டார்கெட்டு மேலதான். நா உட்டாலே அதுல ஏறல."

கீரை உருவும் கை நின்றது. மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். மனைவி தானாக எழுந்து நகர்ந்தாள். மகள் குனிந்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். என் பழக்கம் அவளுக்கும் வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இன்னொரு கையையும் சேர்த்து அழுத்தினாள். விரலை எடுத்துச் சிவப்பைப் பார்த்தாள்.

"நீ எப்பப்பா உட்டுப் பாத்த?"

நான் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"செலெக்‌ஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நான் ஒரு முட்டாள் அப்பா, அவ்வளவுதான். அதோடு முடிந்திருக்கும்.

"முன்னாடி. ரெண்டு நாளைக்கி முன்னாடி."

அவள் உள்ளே போய்விட்டாள். கத்தியிருக்கலாம், எதையாவது தூக்கிப் போட்டிருக்கலாம். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

"எம் மூட்டைல உட்டுப் பாத்தியா?" என்று மனைவி கேட்டாள்.

"ம்."

"ஏறிச்சா?"

"ஏறிச்சி."

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

நான்கு நாள் மகள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவளாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் சாப்பிட்ட தட்டு, பள்ளிக்கூடப் பை, எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. நான்தான் வீட்டுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை, தண்ணீர் கேன் வந்தது. "அப்பா, கேனு" என்ற குரல் வரவில்லை. நானாகவே போய்க் குனிந்தேன்.

"நவுருப்பா" என்றாள் பின்னாலிருந்து.

யூனிஃபார்ம் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு கேனைப் பிடித்தாள். முட்டியை மடக்கி, மார்போடு அணைத்து, ஒரே மூச்சில் தூக்கினாள். ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. மற்றபடி கேன் சரியாகப் போய் உட்கார்ந்தது. குபுகுபுவென்று காற்று ஏறும்வரை அங்கேயே நின்று பார்த்தாள்.

"தெரிஞ்சே ரெண்டு வருசமா இத நீயே தூக்கினு இருந்தியேப்பா" என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் துணியை எடுத்து வந்து, தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தேன்.